வரப்பில் முன்னால் நடப்பவர்

திருவெறும்பூர் வயலில் கால் வைத்ததுமே களைக்கொல்லி வாடை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பள்ளிக்கூடம் போன நாட்களில் இந்த வரப்பின் இருபுறமும் எங்கள் தோளுயரத்துக்குப் புல் நிற்கும், புல்லுக்குப் புல் சிலந்திகள் வலை கட்டியிருக்கும், பனியில் நனைந்த வலையெல்லாம் முன்னால் போகிறவர் முகத்தில்தான் பிசுபிசுவென்று ஒட்டும், அதற்காகவே தம்பி தினமும் “நீ முன்னால போக்கா” என்று என்னைத் தள்ளிவிடுவான்.

இப்போது வரப்பு மொட்டை. “எவ்வளவு சுத்தமா இருக்கு பாருக்கா” என்ற தம்பி அதே வாயால், “நெல்லெல்லாம் புகையான் பூச்சிதான், எவ்வளவு மருந்தடிச்சும் அடங்கல” என்று புலம்புகிறான்.

“அதத் தின்ன சிலந்தியெல்லாம் இந்தப் புல்லுலதானேடா இருந்துச்சு!”

“புல்லுல என்னக்கா இருக்கு?” என்றபடி அவனே முன்னால் நடந்தான். வயல் முடியும்வரை ஒருமுறைகூட அவன் முகத்தைத் துடைக்கவில்லை.