சண்முகத்தாய் பேருக்குக் கீழே இருந்த ஆள்

ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற சங்கரலிங்கத்துக்குச் சொல் பைத்தியம். அகராதியைக் கையில் எடுத்துவிட்டால் சோற்றுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

எண்பத்தாறில் பாரிசிலிருந்து ஒரு கடிதம் திரும்பி வந்தது, 'இந்த முகவரியில் இப்படி ஆள் இல்லை' என்று. பக்கத்துச் சுந்தரபாண்டியம் ஊர்க்காரர் பால்சாமி, அங்கே குழந்தை பார்க்கிற வேலைக்குப் போன மகள் சண்முகத்தாய்க்குப் போட்டது. இது இரண்டாவது தடவை. அவளோ, 'பதிலே இல்லை, நான் இங்கே வந்ததில் இன்னும் கோபம்தானா? இனி எழுத மாட்டேன்' என்று முடித்துவிட்டாள். அந்தக் கடிதத்தோடு பால்சாமி தபாலாபீஸ் ஜன்னல் முன் வந்து நின்றார்.

அதில் மகள் கைப்பட எழுதிய முகவரியைத் திரும்பி வந்த கவரோடு சங்கரலிங்கம் ஒத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவ பேருக்குக் கீழ 'ஷே லொரான்'னு ஒரு வரி இருக்கே. அதை ஏன் விட்டுட்டிய?"

பால்சாமி முகம் கறுத்தது. "பொம்பளை பேருக்குக் கீழ யாரு பேரு வரும்? புருசன் பேருதான! என்னையக் கேக்காமக் கட்டிக்கிட்டவன் பேரை எங்கையால எழுதணுமோ?"

நம் ஊரில் அப்படித்தான் எழுதுகிறோம். மனுஷனை என்ன குற்றம் சொல்வது?

வேலை முடிந்ததும் சங்கரலிங்கம் ராஜபாளையம் பஸ் ஏறி லைப்ரரிக்கு ஓடினார். தடித்த பிரெஞ்சு அகராதியைப் புரட்டியவர் எழுந்தே விட்டார். ஷே என்றால் 'இன்னார் வீட்டில்'! லத்தீனில் வீட்டுக்குக் காசா என்று பேர். ஸ்பெயின்காரனும் இத்தாலிக்காரனும் இன்றைக்கும் வீட்டைக் காசா என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் வாயில் தேய்ந்து ஷே ஆகிவிட்டது. டென்மார்க்காரன் இதே வேலைக்குச் சொல்கிற 'ஹோஸ்' கூட அவன் வீட்டுச் சொல்லில் பிறந்ததுதானாம். அடேயப்பா, நாம் ஊரில், தெருவில் என்கிறோமே, அந்த 'இல்'லுக்கும் வீடு என்றுதானே பொருள்! சந்தோஷத்தில் மேஜையைத் தட்டிவிட்டு லைப்ரரியனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விடிந்ததும் சுந்தரபாண்டியத்துக்குச் சைக்கிளை மிதித்தார்.

"அண்ணாச்சி! அது மருமகன் இல்ல, அவ வேலை பாக்குற வீட்டுக்காரரு! லொரான் வீட்டில் இருக்கிற சண்முகத்தாய்னு அர்த்தம்! அந்தப் பேரு இல்லாமத்தான் கடிதம் திரும்பியிருக்கு!"

"அப்ப எம்மக கல்யாணம் கட்டலையா?" பால்சாமி தாளும் பேனாவும் தேடி எடுத்தார். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் மகளுக்கு எழுதினார். கவரில் லொரான் பேரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார்.

அந்தக் கடிதம் திரும்பவில்லை. அடுத்த மாதம் பதில் வந்தது. பால்சாமி தபாலாபீசிலேயே கவரைப் பிரித்தார். இரண்டு வரிக்கு மேல் கண்ணீர் மறைத்தது. "பொறவு என்ன எழுதியிருக்கா? நீங்களே வாசிங்க" என்று தாளை நீட்டினார்.

சங்கரலிங்கம் வாசித்தார்: "கல்யாணம்னா எங்கப்பாவைக் கேக்காமலா?"