முதல் வகுப்பில் ஒரு சேலை

பற்றவைக்கும் ஈயம் உருகும்போது எழும் புகைக்கு ஒரு பிசின் வாடை உண்டு. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேசையில் மீன்குழம்பின் மணத்தை விரட்டிவிட்டு உட்கார்ந்திருந்த அந்த வாடைக்குக் காரணம், அப்பாவின் அண்ணன், மலேசியாவின் ஈப்போ நகரில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்யவேண்டும் என்று எதிர்பார்த்த என் பெரியப்பா.

ரயில்வே அலுவலகத்தில் முப்பது வருடம் நாற்காலி தேய்த்துவிட்டு, ஒருநாளும் வெயிலில் தண்டவாளம் பக்கம் போகாமலேயே ஓய்வுபெற்றவர் அவர். லண்டன் போய்வந்தபோது நான்கு பெட்டிகள் கொண்ட சின்ன ரயில் ஒன்றை வாங்கிவந்தார். அதை யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் போதும், முகம் சிவந்து, "மாடல் எண்டு சொல்லும்" என்பார். பெட்டிகளுக்குள் விளக்கு எரியவேண்டும் என்று ஆசை வந்து, தானே முயன்று, ஒரு ஜன்னலை உருக்கி, ஒரு விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்குத் தம்பியின் மனைவி ஞாபகம் வந்தது.

அம்மா தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜெலாப்பாங் மின்னணுத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குனிந்து ஈயம் பற்றவைப்பது அவர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகக் குடும்பம் என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்ட அந்த வீட்டார், தோட்டத்துப் பெண் மருமகளாக வந்ததை மன்னிக்கவே இல்லை. பன்னிரண்டு வருடமாக அம்மா அங்கே போனால் நேராக அவர்கள் "குசினி" என்று சொல்லும் சமையலறைக்குத்தான். ஹாலில் கிடந்த பிரம்பு நாற்காலிகளில் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. அண்ணன் முன்னால் சிரிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத அப்பா, அதற்கும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதை முடிச்சுத் தாரும். நாலுபேரைக் கூப்பிட்டுக் காட்டுற அண்டைக்கு நீரும் ஹாலில எங்களோட இருந்து பாரும்" என்றார் பெரியப்பா, ஏதோ சொத்தை எழுதிவைப்பவர்போல. அம்மாவுக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

தண்டவாளத்து மின்சாரத்தைச் சக்கரத்தின் அச்சிலிருந்து வாங்க மெல்லிய செப்புத்தகடு, அங்கிருந்து தரை வழியாக ஏறும் மயிரிழை "வயரு", கூரையின் உட்புறத்தில் நெல்மணி அளவு பல்புகள் என்று, எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு எரிந்ததும், உள்ளே ஆளே இல்லாதது பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது. பெரியப்பா ஒரு டப்பா நிறைய விரல்நுனி அளவுப் பயணி உருவங்களை வரவழைத்தார். அத்தனையும் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள். அவருக்கு அதில் பரம திருப்தி. அவர்களில் ஒரு சீமாட்டிக்கு மட்டும் அம்மா முகத்தை மாநிறமாக்கி, சிவப்பு நகப்பூச்சால் சேலை கட்டி, முதல் வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

"யாரும்மா இது?"

"நாந்தான். அங்க சீட்டு கெடைக்குமோ கெடைக்காதோ, இங்கயாச்சும் ஒக்காந்துக்கிறேன்."

கிடைக்கத்தான் இல்லை. பகலிலேயே திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஓய்வுபெற்ற கனவான்களை வரிசையாக உட்காரவைத்து, "முழுக்க என்ர கைவேலை" என்று பெரியப்பா ரயிலை ஓடவிட்டபோது, அம்மா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெட்டிகள் உள்ளுக்குள் மஞ்சளாக ஒளிர்ந்து வளைவில் திரும்பின.

"முதல் வகுப்பில சேலை கட்டின அம்மா ஆர்?" என்று ஒரு விருந்தாளி கேட்டார்.

பெரியப்பா ரயிலை நிறுத்தி, குனிந்து பார்த்தார். தட்டோடு வாசலில் வந்து நின்ற அம்மாவிடம், "என்ன கூத்து இது? எடும் அதை" என்று சீறினார்.

"எடுக்கலாம் அத்தான். கூரையத் தொறந்தா வயரு அத்துக்கும், நாலு பெட்டியிலயும் லைட் போயிரும். தொறக்கவா?"

விருந்தாளிகள் பெரியப்பாவையே பார்த்தார்கள். "சரி, இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம், நம் நாட்டுக்குப் பொருத்தமாக அந்தப் பெண்ணைத் தானே செய்து வைத்ததாகக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டார்.

அம்மாவின் தோட்டம் இன்று அடுக்குவீடுகள். பெரியப்பா போய்ச்சேர்ந்துவிட்டார், அந்த வீட்டில் யாரோ காப்பிக்கடை நடத்துகிறார்கள். பெரியப்பாவின் மகன் வேண்டாமென்று ஒதுக்கிய ரயிலைச் சென்ற மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்டவாளத்தைத் துடைத்து ஓடவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கையை நீட்டி, எரிந்துகொண்டிருந்த முதல் வகுப்புப் பெட்டியின் கூரையை நகத்தால் நெம்பித் தூக்கினார். வயர் தாராளமாக நீண்டது. ஒரு பல்புகூட அணையவில்லை.

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கும் இப்படித்தான் தொறக்கும்" என்றார் அம்மா. "முழுக்க அவரு செஞ்சது லா. அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"