பச்சை போட்ட வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் என் சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். வாயால் சொல்ல விட்டால் எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு ஜாஸ்தி.

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை. காலைக் கூட்டத்துக்கு என் டீமில் இருந்த கோவிந்தராஜ் வரவில்லை. போன் அணைந்திருந்தது. பத்தரை மணிக்குள் இருபது தடவை அடித்துவிட்டேன். அவன் செத்துப்போயிருப்பான் என்று என் மனம் அடித்துச் சொன்னது. அப்படி ஆகியிருந்தால் அதில் என் பங்கு பெரிது என்றும் சொன்னது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எலவனாசூர்கோட்டைப் பெண், கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். சென்னையில் உள்ள ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. எனக்குக் கீழே ஆறு பேர். டீம் லீடர் என்று பெயர். கோவிந்தராஜ் கல்வராயன் மலைக்காரன். அவன் ஊரிலிருந்து இன்ஜினியரிங் படித்த முதல் ஆள். ஊரில் சிக்னல் கிடைக்காது என்று வெள்ளிமலையில் ஓர் அறை எடுத்து வேலை பார்த்தான். "சரிங்க்கா" என்பதைத் தவிர வேறு பதில் அவன் வாயில் வராது. அவனோடு வேலை செய்த இரண்டு பேர் விட்டுப் போனார்கள். புது ஆள் போடவில்லை. மூன்று பேர் வேலையையும் அவன் தலையில் கட்டினோம். கட்டினோம் என்ன, நான்தான் கட்டினேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்து, தன் மனநிலைக்கு ஒரு நிறம் போட வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை. பாரமாக இருந்தால் மஞ்சள். முடியவே இல்லை என்றால் சிவப்பு. ஊழியர்களின் நலனுக்காம். ஆனால் ஒரு டீமில் சிவப்பு விழுந்தால் அந்த டீம் லீடர் மேலே போய் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் எந்த டீமிலும் சிவப்பு நிற்காது. நலம் விசாரிக்கிற லட்சணத்தைப் பாருங்கள்!

கோவிந்தராஜ் சிவப்பு போட்டான். உடனே கூப்பிட்டேன். "கோவிந்து, அக்கா உனக்காக ஜெபம் பண்றேன், கண்ண மூடிக்கோ" என்றேன். உருகி உருகி ஜெபித்தேன். ஆமென் சொன்ன கையோடு, "அந்தச் சிவப்ப மட்டும் மஞ்சளா மாத்திடு தம்பி, மேல கேள்வி கேக்கறாங்க" என்றேன். "சரிங்க்கா" என்றான். அடுத்த வாரமும் சிவப்பு, அடுத்த வாரமும் சிவப்பு. மூன்று வாரமும் அதே போன், அதே ஜெபம், அதே மஞ்சள். அவன் வேலையில் ஒரு துளி நான் குறைக்கவில்லை.

நான்காவது வாரம் அவனாகவே பச்சை போட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நின்று, என் ஜெபத்தால் ஒரு பிள்ளையின் மனச்சோர்வு நீங்கிற்று என்று சாட்சி சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி பொய். அறிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய்தான்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் டீம் குரூப்பில் கோவிந்தராஜ் ஒரு ஃபைல் போட்டான். தன் வேலையில் தனக்கு மட்டும் தெரிந்த எல்லாவற்றையும், எது எங்கே இருக்கிறது, எது நின்றுபோனால் எதைத் தட்ட வேண்டும் என்பது வரை, பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். "இனிமே யார் வேணா இத பாத்து செஞ்சிக்கலாம். எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க" என்று கீழே ஒரு வரி. எங்கள் தொழிலில் இதை எழுதித் தா என்று தவம் கிடந்தாலும் ஒருத்தனும் எழுத மாட்டான். மேனேஜர் பாராட்டினார். நானும் கட்டைவிரல் படம் ஒன்று போட்டுவிட்டு வடகம் பொரிக்கப் போனேன். கேட்காமலே ஒருவன் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறானே, ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில்தான் உறைத்தது. அந்த வரியை மறுபடி படித்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்னிக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கே, அவனுக்கு பதிலா யாரப் போடப் போறீங்க?"

"சார், அவன் உயிரோட இருக்கானான்னே தெரியல."

"அவன்தான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டானே" என்றார் அந்த மகராசன்.

போனை வைத்துவிட்டேன். அவரைத் திட்டவும் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் அம்மாவுக்கு அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன்.

அத்தனை மாதமும் நான் என்ன ஜெபித்துவந்தேன் தெரியுமா? ரிலீஸ் தடங்கலில்லாமல் முடிய வேண்டும், என் டீமிலிருந்து இன்னொருவன் போகக் கூடாது என்றுதான். அன்றைக்கு மலைப்பாதை வளைவுகளில், முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாய்விட்டே கேட்டேன். "ஆண்டவரே, அவன் உயிரோட இருந்தா போதும். வேலைக்கு வர வேணாம். என்னை மன்னிக்க வேணாம். உயிரு மட்டும்." பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிமலையில் இறங்கினேன். ஜீப்புகள் நிற்கிற இடத்தில், டீக்கடை பெஞ்சில், கோவிந்தராஜ் உட்கார்ந்திருந்தான்! யாருடைய போனையோ கையில் வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஓர் அம்மா காகிதங்களை விரித்துப் பிடித்திருந்தார். நான் கத்திய கத்தலில் ஜீப்பில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அந்த அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது.

"இன்னாம்மா அவசரம்? கொஞ்சம் இருங்க. எம் பொண்ணுக்கு சாதி சான்றிதழ் எழுதிப் போட்டுக்கினு இருக்காரு."

இருந்தேன். அந்த விண்ணப்பம் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தேன். அந்த அம்மா போனபின் அவன் தலையைத் தூக்காமலே பேசினான்.

"அருவிப் பக்கம் போய்க்கினு இருந்தேன்க்கா. திரும்பி வர்ற எண்ணம் இல்ல. ஒரு அம்மாதான் வழியில நிறுத்தி, சும்மாதான போற, இத்த போட்டுக் குடுப்பான்னாங்க. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் இன்னொருத்தங்க வந்தாங்க."

நான் அழுதேன். அவன் அழவில்லை.

"நாலாவது வாரம் ஏன் பச்ச போட்டேன் தெரியுமாக்கா? நீங்க போன் பண்ணி ஜெபம் பண்றத நிறுத்துவீங்கன்னு. மூணு வாரம் பண்ணீங்க. ரெண்டு நாள் வூட்ல படுத்துத் தூங்குடான்னு ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

சகோதரிகளே, என் ஜெபத்துக்கு அப்படி ஒரு பதிலை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்கே அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூவருமாகக் கீழே இறங்கினோம். கள்ளக்குறிச்சியில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், தூங்குகிறான். இந்த வருடம் சாமை விதைத்திருக்கிறார்களாம், அம்மா சொன்னார். அவன் வேலைக்குத் திரும்பவில்லை. என் போனை எடுப்பதுமில்லை. பஸ்ஸில் நான் கேட்டது ஒரு எழுத்து மாறாமல் கிடைத்திருக்கிறது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். கசக்கிறது, இருந்தாலும் நன்றி.

அதன்பின் என் டீமில் விழுந்த சிவப்பு சிவப்பாகவே மேலே போகிறது. விழுந்த அன்றைக்கே, போட்டவருக்கு லீவு, அவர் வேலை என் மேஜைக்கு. விளக்கக் கூட்டத்தில் என்னைக் காய்ச்சி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். இத்தனை வருடம் ஆறு பேரைக் காய்ச்சி எடுத்துத்தானே நான் நல்ல பெயர் வாங்கினேன்.

இந்த நிறம் போட்ட கதையை விட்டுவிட்டு, பஸ்ஸில் ஜெபித்ததை மட்டும் சொன்னால் சபைக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். என்னால் அது முடியாது.

ஆண்டவரை நம்புங்கள். என்னைப் போன்றவள் கேட்டதையே தள்ளாதவர், உங்களையா தள்ளுவார்? ஆனால் நீங்கள் செய்ய வேண்டியதை அவரிடம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடாதீர்கள். உங்களில் எத்தனையோ பேருக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஆபீஸில், கடையில், கழனியில். முடியலை என்று இந்த வாரம் உங்களிடம் ஒருவர் சொல்லியிருப்பார். ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்க வராதீர்கள். வெளியே போய் அவருக்குப் போன் போடுங்கள். நாளைக்கு வர வேண்டாம், தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஆமெனை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.