கேட்டு வாங்கும் லீவு

பெற்றவர்கள் அவளுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கஞ்சியக்கா என்றால்தான் பெரிய டாக்டர் முதல் கேட்டில் நிற்பவர் வரை தெரியும். சிஸ்டர்களின் முக்காட்டுக்கும் சிற்றாலயத்தின் பீடத் துணிக்கும் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்துத் தருவது அவள் வேலை. அக்காவின் நடையிலேயே கொஞ்சம் கஞ்சி இருக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரி அது. சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. மேலே உள்ள வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு குழாய் வழியாகத் தொப்புத் தொப்பென்று வந்து விழும். நாள் முழுக்க நீராவி. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால், கீழே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காவுக்கு மட்டும் அதில் ஒரு விலக்கு உண்டு. பூசைப் பாத்திரம் துடைத்த துணியை முதலில் அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். செடி மூட்டில் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்ற அவ்வளவு நேரமா என்று யாரும் கேட்டதில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி பக்திதான், மீதி வெயில்.

கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள். கணவர் பெயின்ட் அடிப்பவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன். நன்றாகத்தான் இருந்தார். திடீரென்று கால் வீங்கியது, முகம் வீங்கியது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அன்று அக்கா, சிஸ்டர்களுக்கெல்லாம் தலைவியான மதரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மதர் அவளைத் தூக்கி நிறுத்தி, "நாங்க இருக்கோம்ல, எதுக்கும்மா அழற?" என்றார். சொன்னபடியே இருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் மூன்றாம் மாடியில் கணவருக்கு டயாலிசிஸ். காசு என்ற பேச்சே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குடியிருக்க ஓர் அறையும் கொடுத்தார்கள். கணவர் படுக்கிற படுக்கை விரிப்பை அக்காதான் கீழே துவைத்தாள். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, கழுத்தில் கயிறு விழுந்த மாதிரியும் இருந்தது. எது எப்போது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த ஆஸ்பத்திரியில் உடம்பு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவு உண்டா என்றால் உண்டு. இல்லையா என்றால் இல்லை. மதர் மனசு வைத்தால் உண்டு. அவர் அறை வாசலில் போய் நிற்க வேண்டும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், ஒரு ஜெபம் சொல்வார், அனுப்பி வைப்பார். இல்லை என்று ஒருவரையும் விரட்டியதில்லை. நல்லவர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பங்குக் கோயிலின் உதவிப் பாதிரியாரான சின்னச் சாமி, வேலை செய்பவர்களுக்கென்று ஒரு கூட்டம் ஆரம்பித்தார். சலவைக்கூடத்துப் பெண்கள் ஐந்து பேரும் போனார்கள். உழைப்பவர்கள் ஒன்று சேர்வது உரிமை என்றார். பிறகு சொன்னதுதான் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது: "நியாயமா குடுக்க வேண்டியதை தர்மம்னு சொல்லிக் குடுக்கக் கூடாது. இதை நான் சொல்லல, திருச்சபை சொல்லுது." வாயாடி என்று பேரெடுத்தவள் ஒருத்தி உண்டு. அவள் சும்மா இருப்பாளா? "எங்க மதருக்கு அது தெரியுமா சாமி?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். கொஞ்ச நாளில் அவரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு சிஸ்டர்களின் வருடாந்திரத் தியானம் வந்தது. ஒரு வாரம் மௌனம். மதரும் பேச மாட்டார். அந்த வாரம் பார்த்து வாயாடிக்குக் காய்ச்சல். லீவு தர வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆபீசில் இருந்தவர் கையை விரித்தார். காய்ச்சலோடு விரிப்புகளைத் தேய்க்கிற சூடான உருளை முன்னால் நின்றவள் மயங்கிச் சரிந்தாள். கை உருளையில் பட்டு முழங்கை வரை வெந்துவிட்டது.

தியானம் முடிந்து விஷயம் தெரிந்ததும் மதர் அழுதார். தன் கையாலேயே மருந்து போட்டார், கை ஆறும்வரை சம்பளத்தோடு லீவு கொடுத்தார். வாயாடி திரும்பி வந்த அன்று எல்லாரும் துணிக் குவியல் மேல் உட்கார்ந்து பேசினார்கள்.

"மதரைக் குத்தம் சொல்லல," என்றாள் வாயாடி. "ஆனா நம்ம உடம்புக்கு முடியலன்னா அவங்க வாய் திறந்தாதான் லீவா? இத்தனை நாள்னு சட்டமா போடட்டும். யார் மௌனமா இருந்தாலும் நாம வீட்டுல படுக்கலாம்ல?"

யார் போய்ப் பேசுவது? நாலு முகமும் அக்கா பக்கம் திரும்பின. மதர் மதிப்பது அவளைத்தானே.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீ பேசு. என்னைப் பத்தி யோசிக்காத," என்றார். அதன் பிறகு அவள் வேறு எதைப் பற்றியும் யோசிக்கவில்லை. மெஷினை நிறுத்திவிடுவேன் என்று மதர் சொன்னாரா? கனவிலும் சொல்ல மாட்டார். யாராவது மிரட்டினால் எதிர்த்து நிற்கலாம். இங்கே கதவைப் பூட்டியவர் யாருமில்லை, ஆனாலும் அவளால் வெளியே வர முடியவில்லை.

மறுநாள் நாலு பேரும் வராந்தாவில் நிற்க, அக்கா உள்ளே போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள்.

"வாம்மா, உக்காரு," என்றார் மதர். "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? நேத்து கொஞ்சம் சோர்வா தெரிஞ்சார். புது ஊசி ஒண்ணு வரவழைக்கச் சொல்லியிருக்கேன்."

மனப்பாடம் பாதி அங்கேயே போயிற்று. மீதியைப் பிடித்து இழுத்து, "மதர், லீவு விஷயமா..." என்று ஆரம்பித்தாள்.

"உனக்கு லீவு வேணுமா? இதைக் கேக்கவா இவ்ளோ தயக்கம்? எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ. நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

எனக்கு இல்லை மதர், எங்களுக்கு. தர்மமாக வேண்டாம், சட்டமாக வேண்டும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நாக்கின் நுனிவரை வந்தது. மதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் சூடு இருந்தது, உண்மையான பாசம் இருந்தது.

"ரொம்ப நன்றி மதர்," என்றாள் அக்கா.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நாலு பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"நான் கேக்கலடி," என்றாள். "நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

வெட்கத்தில் அவளுக்குக் காது அடைத்தது. கத்தப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். கத்தட்டும், காரித் துப்பட்டும். நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்தானே அவள்.

வாயாடிதான் முதலில் வாயைத் திறந்தாள். "பரவால்லக்கா. உங்க நெலமை எங்களுக்குத் தெரியாதா?" தழும்பு மறையாத கையால் அக்காவின் தோளைத் தடவினாள். இன்னொருத்தி எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கொஞ்ச நேரம் உக்காருங்கக்கா. உங்க பங்குத் துணியையும் நாங்களே பாத்துக்கறோம்."

"திட்டுங்கடி," என்றாள் அக்கா. "யாராவது ஒருத்தி திட்டுங்கடி."

ஒருத்தியும் திட்டவில்லை. பாவம் என்று பார்த்தார்கள், படியிறங்கிக் கீழே வேலைக்குப் போனார்கள்.