சகலை சுட்ட கோழி

என் சகலைக்குச் சமைக்கத் தெரியும் என்ற செய்தியைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டுத்தான் என் மாமியார் என்னிடம் சொன்னார். சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மெட்ராஸில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு பெரிய ஓட்டலில் சமையல்காரர். அறுபதுகளின் கடைசியில் வந்த அந்தத் தீபாவளி அவருக்குத் தலை தீபாவளி.

அதுவரை அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. எட்டாவது வரை படித்தவன், தறி நெய்கிறவன், நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவன். ஆனாலும் காஞ்சிபுரத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் விருந்தென்றால் முதலில் என் இலையில்தான் பரிமாறுவார்கள். கறியில் நல்ல துண்டு எனக்குத்தான் விழும். வேறெங்கும் எனக்கு அந்த மரியாதை கிடையாது. இப்போது இன்னொரு மாப்பிள்ளை வருகிறார், விருந்தையும் அவரே சமைக்கப் போகிறார் என்றதும் அந்த இடம் கைமாறப் போகிறது என்றுதான் தோன்றியது.

காலையில் எண்ணெய்க் குளியலும் பலகாரமும் முடிந்ததும் சகலை சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

“சாயங்காலத்துக்கு முழுக்கோழி செய்யறேன் அத்த. உள்ள கறி ரொப்பி, மேல மாவு சுத்தி, அப்படியே சுட்டு எடுக்கணும்.”

“கோழிக்குச் சட்டை மாட்டப் போறீங்களா மாப்ள?” என்று மாமியார் கேட்க, வீடே சிரித்தது.

மைதாவைப் பிசைந்து பலகையில் தேய்த்தார். நடுவில் வெண்ணெயை வைத்து மூடினார். சோடாக் கடையிலிருந்து வாங்கிவந்த ஐஸ் கட்டியின் மேல் ஒரு தட்டை வைத்து அதில் மாவைக் குளிரவிட்டார். எடுத்துத் தேய்த்து மூன்றாக மடித்தார். மறுபடி ஐஸ் மேல் வைத்தார், மறுபடி தேய்த்தார், மறுபடி மடித்தார். வெண்ணெய் உருகி வெளியே வந்துவிட்டால் மாவு ஏடு ஏடாகப் பிரியாதாம்.

“இங்க பாருடி, பட்டுப் பொடவ மடிக்கிற மாதிரி இன்னா நேர்த்தியா மடிக்கிறாரு!” என்றார் மாமியார்.

பட்டுப் புடவையை நெய்து, தறியிலிருந்து அறுத்து, மடிக்கிறவன் நான். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அந்த அம்மாள் என் மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவியும் கதவோரம் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் பொறுக்கவில்லை.

கோழியைப் பாதி வேகவைத்து, தோல் கிழியாமல் எலும்பை உருவினார். கொத்துக்கறி, முந்திரி, வெங்காயம், ரொட்டித்தூள், இரண்டு அவித்த முட்டை எல்லாவற்றையும் உள்ளே அடைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “தெச்சு மூடணும். ஊசி நூலு இருக்குதா?” என்றார்.

மச்சினிச்சி என் பக்கம் திரும்பினாள். “ஊசி இங்கயே இருக்குது. மாமா வூட்ல இல்லாத நூலா? ஓடிப்போய் எடுத்துக்கினு வாங்க மாமா.”

அன்று காலையிலிருந்து என்னிடம் யாரும் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

என் வீடு இரண்டு தெரு தள்ளி. பொத்தான் தைக்கிற வெள்ளை நூல்கண்டு மாடத்தில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துவிட்டேன். பக்கத்தில் தறிக்குப் போக மிஞ்சிய அரக்குப் பட்டிழை கிடந்தது. அந்தச் சாயம் சரியாகப் பிடிக்காத சாயம். “சுடுதண்ணி காட்டாத, வுட்டுரும்” என்று சாயம் போட்டவரே சொல்லித்தான் கொடுத்திருந்தார். நாடாவுக்குள் போடும் தார்க்குச்சியில் அதைச் சுற்றினால் வியர்வை பட்டு என் மனைவியின் விரலெல்லாம் சிவந்துவிடும். வெள்ளை நூலை விட்டுவிட்டு அரக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெரியாமல் செய்தேன் என்றே இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன்.

“பட்டு நூலா!” சகலையின் முகம் மலர்ந்துவிட்டது. “எங்க ஓட்டல்ல தொரைங்களுக்கே சாதா நூல்லதான் தெக்கறோம். உங்களுக்குப் பெரிய மனசு சகல.”

“அறுந்து போவாது” என்றேன்.

தைத்து, மாவைச் சுற்றி, மேலே முட்டையைத் தடவினார். வீட்டு அடுப்பில் அதைச் சுட முடியாது. பாய் ஒருவரின் ரொட்டிக் கடைக்கு இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம். ஈரத்துணி போர்த்திய தட்டைப் பார்த்து, “இன்னா, சகலைங்க ரெண்டு பேரும் கொழந்தைக்கு அம்ம ஊசி குத்த எடுத்துக்கினு வர்ற மாதிரி வர்றீங்க?” என்றார் பாய். அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்ததும் அந்தச் சூட்டிலேயே கோழியை வைத்துச் சுட்டுக் கொடுத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அதைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். பொன் நிறத்தில் உப்பி, ஓரமெல்லாம் ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. பக்கத்து வீட்டார்கூட எட்டிப் பார்த்தார்கள். இதைப் போய்க் கெடுத்துவிட்டோமே என்று ஒரு கணம் எனக்கே இருந்தது. ஒரு கணம்தான்.

சகலை கத்தியை வைத்தார். மேல் மாவு நொறுங்கியது. உள்ளே தையல் ஓடிய இடமெல்லாம் சிவப்பு. தட்டிலும் சிவப்பாக வழிந்தது.

“ஐயையோ, ரத்தம்! வேகவே இல்லியே!” என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் இலையை விட்டு எழுந்தேவிட்டார்.

சகலை கறியை விரலால் அழுத்திப் பார்த்தார். “வெந்திருக்குது அத்த... வெந்துதான் இருக்குது...” குரல் இறங்கிக்கொண்டே போனது. மச்சினிச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

என் மனைவி குனிந்து தையலிலிருந்து இழையை உருவி விளக்குக்கு நேரே பிடித்தாள். “ரத்தம் இல்லமா. சாயம். எங்க தறி அரக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மாமியார்தான் முதலில் சிரித்தார். “அட இன்னா மாப்ள! நூலுன்னா உங்களுக்குப் பட்டு நூலுதானா? பாவம், சூதுவாது தெரியாத மனுஷன்!”

“நல்லவேள, ஜரிகை போட்டுத் தெக்கச் சொல்லல மாமா” என்றாள் மச்சினிச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. போன உயிர் திரும்பி வந்தவர் போல சகலையும் சிரித்தார்.

ஒரு கெடுதல் செய்யக்கூட எனக்குத் துப்பு இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. புடவை மடிப்பைப் பற்றிய பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் அதிகம் சுட்டது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

சிவந்த பாகத்தைச் சகலை சுத்தமாக வெட்டி ஒதுக்கினார். முதல் துண்டு எந்த இலைக்குப் போகிறது என்று மாமியாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எடுப்பதற்குள் சகலையே எடுத்து என் இலையில் வைத்தார். “பெரியவரு மொதல்ல” என்றார்.

தின்றேன். மேல் ஏடு நாக்கில் பட்டதும் கரைந்தது. உள்ளே கறி வெண்ணெய் மணத்தோடு அவ்வளவு மிருதுவாக இருந்தது. அப்படி ஒன்றை அதற்கு முன்னும் நான் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

“எப்படி இருக்குது சகல?” குனிந்து என் முகத்தையே பார்த்தார். “மத்தவங்க சும்மா நல்லாருக்குதுன்னுவாங்க. நீங்க உள்ளத சொல்லுங்க.”

“உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, யோசித்துத் தலையாட்டினார். “ஆமா, இருக்குது. அடுத்த தடவ கொறச்சிடறேன்.”

உப்பு சரியாகத்தான் இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்து என் இலையில் வைத்தாள். அதையும் தின்றேன்.