காரணம் கேட்கும் பெட்டி

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை. 'பூட்டு' என்றால்தான் தெரியும். இரண்டாவது மாடியிலிருந்த தன் சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவார்; மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கீழே கடை வைத்திருந்த தையல்காரர், "இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க, கதவு மனசு மாறியிருக்கும்" என்பார். பூட்டு அதற்குச் சிரிக்கமாட்டார். ஏறிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

கம்ப்யூட்டரிடமும் இதே குணம்தான். பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனி டிராக்காக வைத்துக் கலந்து சேர்க்கிற அந்த சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் தானாகவே சேமித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், "அது அப்படித்தான் சொல்லும்" என்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் கையாலேயே சேமிப்பார். சுவரில் அவர் எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. 'பெயர் வைக்காத டிராக்கில் ரெக்கார்ட் செய்யாதே. குரலுக்குச் சிவப்பு நிறம், தாளத்துக்கு நீலம். எந்த ஃபைலுக்கும் ஃபைனல் என்று பெயர் வைக்காதே, தேதி போடு. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள்.' கடைசி வரியை மட்டும் சில மாதங்களாக அவரே கடைப்பிடிப்பதில்லை. இதை அவர் கவனிக்கவுமில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியின் இணையதளத்தில், என்னென்ன வசதிகள் வேண்டும் என்று எழுதுவதற்கு ஒரு பக்கம் உண்டு. அதில் அவர் நாற்பத்து மூன்று விருப்பங்கள் எழுதியிருந்தார். தெரியாமல் கை பட்டு டிராக் நகர்ந்தால் எச்சரிக்க வேண்டும், அழிப்பதற்கு முன் இரண்டு முறை கேட்க வேண்டும், இப்படி. ஒவ்வொன்றுக்கும் 'உங்கள் யோசனைக்கு நன்றி' என்று ஒரே பதில் வரும். "நன்றி சொல்லிட்டு நம்ம யோசனையைச் சுருட்டிக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எழுதுவார்.

ஊரில் அவருக்கென்று ஒரு பேர் இருந்தது. ட்ரெபிள் என்கிறோமே, சத்தத்தின் மேல்பக்கக் கூர்மை, அதில் அவர் கை வைத்தால் பாட்டு பளிச்சென்று ஆகிவிடும். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இருக்கும். இருபத்தாறு வருஷமாக வாடிக்கையாளர்கள் அந்தப் பளிச்சுக்காகத்தான் இரண்டு மாடி ஏறி வந்தார்கள். அது போனால் அவரிடம் வேறொன்றும் இல்லை. இது அவருக்கே நன்றாகத் தெரியும்.

அதில்தான் யாரோ கை வைத்திருந்தார்கள்.

பழைய பாட்டு ஒன்றை ஏதோ வேலையாகத் திறந்தபோது ட்ரெபிள் அவர் வைத்த இடத்தில் இல்லை. மறந்திருப்போம் என்று முதலில் நினைத்தார். அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, சாயங்காலம் கிளம்பும்போது எண்ணைக் குறித்து வைக்க ஆரம்பித்தார். ஆறு என்று குறித்துவிட்டுப் போவார். காலையில் பார்த்தால் இரண்டு. ஏழு என்று வைத்தால் இரண்டரை.

சாவி வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். அவர், அவர் தங்கை, அவர் மனைவியின் தம்பி. தங்கை காலை எட்டரைக்கு வந்து கதவைத் திறந்து, முடிந்த பாட்டுகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறவள். பதினெட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள்; அவளைச் சந்தேகிப்பது தன் கையையே சந்தேகிப்பது மாதிரி. மச்சான் வந்து மூன்று வருஷம்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்து குரல் பதிவுகளில் இருமல், கனைப்பு எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்வான். கொஞ்ச நாளாக இரண்டு வாடிக்கையாளர்கள் வாசலிலேயே, "தம்பி இருக்காரா?" என்று கேட்டிருந்தார்கள். பூட்டுக்கு அது போதாதா?

"உன் தம்பி என் வேலையைக் கெடுத்து, என்னை ஓரங்கட்டப் பார்க்கிறான்" என்று வீட்டில் சொன்னார்.

"அவன் உங்க நாற்காலியில உட்காரவே பயப்படுறான்" என்றாள் மனைவி.

"பயப்படுற மாதிரி காட்டுறான்."

நாற்பத்து நான்காவது விருப்பத்தை எழுதினார். யார் மாற்றினார்கள், எப்போது, எதை, இந்த மூன்றையும் சாஃப்ட்வேர் குறித்துவைக்க வேண்டும். அதோடு ஏன் மாற்றினாய் என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்க வேண்டும். காரணம் எழுதாமல் சேமிக்கவே விடக்கூடாது. வழக்கம்போல நன்றி வந்தது. ஆனால் எட்டு மாதம் கழித்து வந்த புதிய பதிப்பில் அவர் கேட்ட அத்தனையும் அச்சு அசலாக இருந்தது! பூட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிடமே, நம் யோசனையைத் திருடிவிட்டார்களே என்று எரிச்சலும் வந்தது.

யாரிடமும் சொல்லாமல் திங்கட்கிழமை அதைப் போட்டார். மூன்று பேருக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் ஏற்கெனவே இருந்தது. வியாழன்வரை பட்டியலைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கையும் களவுமாகப் பிடிக்கும்போது சாட்சி வேண்டுமல்லவா? வியாழன் காலை மச்சானைக் கூப்பிட்டு நிற்கவைத்து, தங்கையையும் கூப்பிட்டார்.

"அண்ணா, அதை நீங்க தனியா பாருங்களேன்" என்றாள் தங்கை.

"எதுக்கு? திருடுறவனுக்கு வெட்கமில்ல, எனக்கென்ன வெட்கம்?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. பூட்டு பட்டியலைத் திறந்தார். மூன்று நாளிலும் ட்ரெபிளைக் குறைத்தது ஒரே ஆள்தான். மச்சான் பெயர் இருக்கும் என்று அவர் நினைத்த இடத்தில் தங்கையின் பெயர் இருந்தது. பக்கத்தில் காரணம். செவ்வாய்: 'அதிகமாக இருந்தது.' புதன்: 'அதிகமாக இருந்தது.' வியாழன், அதாவது அன்று காலை எட்டே முக்காலுக்கு: 'அண்ணாவுக்கு மேல்சத்தம் கேட்பதில்லை. ஒன்றரை வருஷமாக நான்தான் குறைத்து அனுப்புகிறேன். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"உன் பாஸ்வேர்டை இவன் திருடியிருக்கான்."

"இல்லண்ணா. நான்தான். ஒரு விளம்பரப் பாட்டு திரும்பி வந்துச்சே, கண்ணாடியைக் கீறுற மாதிரி இருக்குன்னு? அதுலேர்ந்துதான். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"எனக்கா கேட்கல? எனக்கு?"

கோபத்தோடு ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கான வெறும் ஒலியை எடுத்தார். ஒரே சுருதியில் நீளமாக ஒலிப்பது அது. சுருதியைப் பத்தாயிரத்துக்கு, ட்ரெபிள் உயரத்துக்கு, ஏற்றித் தட்டினார். திரையில் பச்சைக் கோடு எழும்பி நின்றது. சத்தம் இல்லை. ஒயர் கழன்றிருக்கும் என்று குனிந்து பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். நிமிர்ந்தால் தங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். மச்சான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மாமா, போதும் மாமா, காது கிழியுது!" என்று கத்துகிறான்.

பூட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சேர்ந்து நடிக்கிறார்கள். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். எழுந்து போய், வெளியே ஆள் யாராவது நிற்கிறார்களா என்று ஜன்னலைத் திறந்தார்.

கீழிருந்து தையல்காரர் குரல் வந்தது. "யோவ் பூட்டு, என்னய்யா அது விசில்? நிறுத்தித் தொலைய்யா, ஊசி கோக்க முடியல!"

தையல்காரரோடு யாரும் பேசி வைத்திருக்க முடியாது.

பூட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு பெண் காதில் விரலை வைத்துக்கொண்டு போனாள். அவருக்கு மட்டும் அறை அமைதியாக இருந்தது. தங்கை வந்து ஒலியை நிறுத்தினாள். அது நின்றதும் அவருக்குத் தெரியவில்லை. திரையில் கோடு விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

மச்சானிடம் ஏதாவது சொல்ல வேண்டும். மேஜை இழுப்பறையிலிருந்து தன் நல்ல ஹெட்போனை, யாரையும் தொடவிடாத அதை, எடுத்து அவன் கையில் கொடுத்தார். "உன் அறையில இருக்கிறது மோசம். இதை வச்சுக்கோ" என்றார்.

"பரவாயில்ல மாமா."

"வச்சுக்கோடா."

அன்று சாயங்காலம் ஒரு பாட்டை முடித்தார். குரலைச் சரிபார்த்தார், தாளத்தைச் சரிபார்த்தார். கை ட்ரெபிள் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அதைச் சுழியத்திலேயே விட்டுவிட்டுச் சேமிக்கப்போனபோது பெட்டி காரணம் கேட்டது. அவர் கேட்டு வாங்கிய பெட்டி. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'ட்ரெபிளைத் தொடவில்லை. அதைத் தங்கை வைப்பாள்.'

கதவைத் தங்கையே பூட்டினாள். அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார். தையல்காரர் தலையை நீட்டி, "என்ன, ஏறிப் பார்க்கலையா?" என்று கேட்டார்.

"அவ பூட்டியிருக்கா" என்றார் பூட்டு.