விழுந்தவன் எழுந்தானா என்று கேட்டவர்

எலவனாசூர்கோட்டையைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது திருநாவலூர் இளங்கோ போன் செய்தார்.

"செல்வி, எங்க வர்ற?"

"கோட்டை தாண்டிட்டேன். பாய் டிக்கெட் வாங்கிட்டாரா?"

அவருக்குப் பின்னால் பலர் கத்துவது கேட்டது. அழுகைச் சத்தமும் கேட்டது.

"தியேட்டருக்கு வராத. ஆஸ்பத்திரிக்கு வா. பாய அடிச்சிட்டாங்க."

"அடிச்சிட்டாங்கன்னா?"

"போயிட்டாரும்மா."

பஸ்ஸில் யாரோ சத்தமாகப் பாட்டு வைத்திருந்தார்கள். கள்ளக்குறிச்சி வரும்வரை இருக்கையின் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அப்துல் கரீம் என்கிற கரீம் பாய் கள்ளக்குறிச்சி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். ஊரில் அவரைப் பாத்திரக்கடை பாய் என்றுதான் தெரியும். சினிமா வலைப்பதிவு எழுதும் எங்களைப் போன்ற சிலருக்கு அவர் வேறு ஆள். எங்கள் எல்லோருடைய பதிவுக்கும் முதல் பின்னூட்டம் அவருடையதாகத்தான் இருக்கும். அதில் பாதி பாராட்டு, பாதி சண்டை.

திருக்கோவிலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் நான், எழுதத் தொடங்கிய புதிதில், சண்டைக் காட்சிகள் படத்துக்குத் தண்டம் என்று ஒரு பதிவு போட்டேன். உடனே வந்து விழுந்தது அவருடைய பின்னூட்டம்: "அம்மா, சண்டை வந்தப்ப நீங்க கண்ண மூடிக்கினு இருந்தீங்களா? அப்ப எழுதக் கூடாது. மறுபடியும் போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க." எனக்குக் கோபம் வந்தது. கோபத்திலேயே மறுபடியும் போய்ப் பார்த்து, முன்பைவிடக் கடுமையாக எழுதினேன். "இப்ப ஒத்துக்கறேன். ஆனா நீங்க சொல்றது தப்பு," என்று எழுதிவிட்டு, கீழே தன் போன் நம்பரையும் போட்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு அண்ணன் ஆனார்.

சண்டைக் காட்சிகள்தான் அவர் உயிர். கத்தி எந்தப் பக்கம் இறங்கியது, யார் எப்படிப் பறந்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுவார். கோபமும் அவருக்கு ஜாஸ்தி. பின்னூட்டத்தில் யாராவது தரக்குறைவாகப் பேசினால், "கடைக்கு நேர்ல வா" என்று விலாசம் கொடுப்பார். அவர் வீசிய குழம்புச் சட்டி மூடி ஒன்று எதிர்க்கடைக் கண்ணாடியை உடைத்த கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். இறந்தவரைப் பற்றி எழுதுகிறேன் என்பதற்காக அவரைச் சாது என்று எழுத மாட்டேன். எழுதினால் அவருக்கே பிடிக்காது.

எங்களில் இளையவர் கோவிந்தன். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர். பெரிய நடிகர் ஒருவரின் படத்தில், கதாநாயகன் மலைவாழ் மக்கள் கூட்டத்தை இடைவேளைக்கு முன்னால் அரிவாளால் வெட்டிச் சாய்க்கிறான். தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. அந்தப் படத்துக்குத் தன் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தார் கோவிந்தன். அந்த அம்மா மகனின் காதில் கேட்டிருக்கிறார்: "ஏன்டா, நம்மளயா வெட்றாங்க?"

அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார் கோவிந்தன். மறுநாளே அந்த நடிகரின் ரசிகர்கள் கோவிந்தனுடைய கடையின் படத்தைப் பின்னூட்டத்தில் போட்டு, "மலைக்கு வர்றோம்" என்று எழுதினார்கள். நாங்கள் எல்லோரும் பயந்து, பதிவை எடுத்துவிடும்படி சொன்னோம். கரீம் பாய் மட்டும், "அழிக்காத. கடையில நானும் வந்து உக்கார்றேன்," என்றார். இளங்கோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினார்.

அவர்கள் போவதற்குள் அந்தப் பையன்கள் வந்துவிட்டார்கள். ஜெராக்ஸ் மெஷின் ரோட்டில் நொறுங்கிக் கிடந்தது. கோவிந்தனைக் கீழே தள்ளி, வயிற்றிலும் முகத்திலும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டு பாய் உள்ளே பாய்ந்தார் என்று இளங்கோ சொன்னார். பாய்ந்தவர் முகத்தில் ஒருவன் சைக்கிள் செயினைச் சுழற்றினான். இடது கண் அங்கேயே போயிற்று.

அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பி சுவரோரம் இருந்தது. பாய் அதை எடுத்தார். செயின் வைத்திருந்தவன் ஓடினான், கால் தடுக்கி விழுந்தான். விழுந்தவனை அடித்தார். கை ஒடியும் சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தார். முகமெல்லாம் ரத்தம் வழிய அடித்துக்கொண்டே இருந்தார்.

"பாய், போதும் பாய், செத்துடுவான்!" என்று இளங்கோ கத்தியது அவர் காதில் விழவே இல்லை. கடைசியில் கோவிந்தன்தான் வாயில் ரத்தத்தோடு தரையில் ஊர்ந்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டார். கம்பி அப்போதுதான் கீழே விழுந்தது.

இரண்டு தரப்பு மீதும் வழக்கு வந்தது. எங்கள் வட்டத்தில் சிலர் கரீம் பாயை வீரர் என்று புகழ்ந்து பதிவு எழுதினார்கள். கண்ணில் கட்டோடு அவர் போட்ட பதிவு எனக்கு மனப்பாடம்:

"என்னை ஹீரோ என்று எழுதியவர்களுக்கு. விழுந்து கிடந்தவனை அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் எனக்குள் யாரோ விசிலடித்தார்கள். எனக்குப் பழக்கமான விசில்தான் அது. இத்தனை வருஷம் தியேட்டரில் நான் அடித்தது. அவன் செத்திருந்தாலும் அந்த விசில் நின்றிருக்காது. தயவுசெய்து யாரும் என்னைப் பாராட்டாதீர்கள்."

கை ஒடிந்த அந்தப் பையன் வீட்டுக்கும் போனார். வேண்டாம் என்று அவர் மனைவி மும்தாஜ் அண்ணி அழுதும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று பிறகு கேட்டேன்.

"அவன் அப்பா மூஞ்சில துப்புனாரு. துடச்சிக்கினு வந்துட்டேன். வேற இன்னா செய்யறது, சொல்லு?"

"அவன் உங்க கண்ண எடுத்துட்டாண்ணே."

"எடுத்தான். அதுக்கு கேஸ் நடக்குது. நான் அடிச்சதுக்கு யாரு பதில் சொல்றது?"

அதன் பிறகு அவர் சண்டைக் காட்சிகளைப் பற்றி எழுதாமல் இல்லை. எழுதிய விதம்தான் மாறிவிட்டது. நாயகன் அடித்த அடியில் பறந்துபோய் விழுந்தவர்களைப் பற்றியே எழுதினார். "மாடியிலிருந்து விழுந்த மஞ்சள் சட்டைக்காரர் எழுந்தாரா இல்லையா என்று கடைசிவரை காட்டவில்லை. அவர் வீட்டில் யாராவது சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்." சிலர் கேலி செய்தார்கள். மலையில் பட்ட அடியில் மூளை கலங்கிவிட்டது என்றுகூட ஒருவர் எழுதினார். பழைய கரீம் பாயாக இருந்தால் கடைக்கு வரச் சொல்லியிருப்பார். புதியவர், "இருக்கலாம்," என்று மட்டும் எழுதினார்.

இதற்கிடையில் வலைப்பதிவு காலமே முடிந்துவிட்டது. பலர் வீடியோ விமர்சனத்துக்குப் போனார்கள், சிலர் எழுதுவதையே விட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு எங்கள் பதிவுகளைத் தேடித் தேடிப் படித்தவர் பாய் ஒருவர்தான். நான் எழுதத் தவறினால் கடைக்குப் போன் வரும்.

"இன்னாமா, படம் வந்து ஒரு வாரம் ஆவுது. பதிவக் காணோம்?"

"யாருண்ணே படிக்கிறாங்க?"

"நான் இருக்கேன்ல. எனக்காக எழுது."

எனக்கு மட்டுமல்ல, கோவிந்தனுக்கும் இளங்கோவுக்கும் அப்படித்தான் போன் போகும். வருஷத்துக்கு ஒரு தரம் எல்லோரையும் கள்ளக்குறிச்சிக்கு வரவழைத்து, ஒரு படம் பார்க்கவைத்து, வீட்டில் சாப்பாடு போட்டு அனுப்புவார். அன்றும் அதற்காகத்தான் நான் பஸ் ஏறியிருந்தேன். டிக்கெட் வாங்க பாயும் கோவிந்தனும் முன்னாலேயே போயிருந்தார்கள்.

நடந்ததைக் கோவிந்தன்தான் சொன்னார். ஒரே நாளில் இரண்டு நடிகர்களின் படம். ஒரு கூட்டத்தின் பேனரை இன்னொரு கூட்டம் கிழித்தது. பேனர் கட்டிய சவுக்குக் கழிகளை உருவிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். மண்டைகள் உடைந்தன. பேனருக்கு ஊற்ற வைத்திருந்த பால் கொட்டி, ரத்தத்தோடு ரோட்டில் ஓடியது. ஒரு பையன் கீழே விழுந்தான். அவனைச் சுற்றி நின்று அடிக்கத் தொடங்கினார்கள்.

"போவாதீங்க பாய்னு சட்டையப் புடிச்சேன். சட்ட கிழிஞ்சி கையோட வந்துடுச்சி," என்றார் கோவிந்தன்.

பாய் யாரையும் அடிக்கவில்லை. விழுந்தவன் மேல் போய்க் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். "உட்டுடுங்கடா, விழுந்துட்டான்டா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். முதுகில் விழுந்த அடிகளைத் தாங்கினார். தலையில் விழுந்த அடி இடப்பக்கம் இருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் அவருக்குக் கண் இல்லை. கீழே கிடந்த பையன் பிழைத்துக்கொண்டான்.

பிரேதப் பரிசோதனை முடிந்து மய்யித் வீட்டுக்கு வந்தபோது தெரு கொள்ளாத கூட்டம். இளங்கோ ஒரு மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் வாசலில் நின்றிருந்தார். அவர் அழவில்லை.

"அந்தக் கூட்டம் யாருன்னு எனக்குத் தெரியும்கா. மலையிலேந்து ஆளுங்களக் கூட்டிக்கினு வர்றேன். தியேட்டரோட கொளுத்தறேன். ஒருத்தன் வூடு போய்ச் சேர மாட்டான்."

தெருவில் நின்றிருந்த இளவட்டங்கள் சிலர் அவரை நெருங்கி வந்தார்கள். ஒருவன் கையில் அதற்குள் கட்டை இருந்தது. இன்னும் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் கிளம்பியிருப்பார்கள்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்த மும்தாஜ் அண்ணி எழுந்து வாசல் திரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கோவிந்தா."

"அண்ணி."

"போய்க் கொளுத்திட்டு வா. நாளைக்கு உங்க ஆத்தாவும் என்னாட்டம் உக்காந்துகினு இருக்கட்டும். இவரு எதுக்கு அங்க போய்ப் படுத்தாருன்னு எனக்கு இன்னும் வெளங்கல. நீயாவது சொல்லிட்டுப் போ."

கோவிந்தன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. கட்டையை வைத்திருந்தவன் அதைக் கீழே போடவில்லை. ஆனால் எங்கும் போகவும் இல்லை.

மய்யித் வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது உறவினர்களோடு கோவிந்தனும் தோள் கொடுத்தார். பெண்கள் அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. வாசலில் நின்றபடி, தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பி போட்ட தலைகளுக்கு நடுவே கைக்குட்டை கட்டிய தலைகள் சில தெரிந்தன. சந்தூக் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிக்கொண்டே போயிற்று.

அண்ணே, உங்கள் மேல் விழுந்த அடிதான் கடைசி அடி என்று எழுதத்தான் ஆசை. அது பொய்யாகிவிடும். அன்று சாயங்காலக் காட்சிக்கே அந்தத் தியேட்டரில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ரோட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து விசில் சத்தம் கடைவீதிவரை கேட்டது. கோவிந்தன் அதைக் கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் போய்ச் சேர்ந்தார். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். போய் வாருங்கள்.